வெளுத்த வலை

பிப்ரவரி 11

கொசுக்காரிக்கு,

உன் கொசுவலையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதம் இருக்கும் பார்சலிலேயே அதுவும் இருக்கிறது. துவைத்து, காயவைத்து, மடித்துத்தான் வைத்திருக்கிறேன். அழுக்காக அனுப்பிவிட்டாள் என்று நாளைக்கு நீ நாலு பேரிடம் சொல்லக்கூடாது பார்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். உன் குரலைக் கேட்டால் நான் கத்துவேன். நான் கத்தினால் நீ வைத்துவிடுவாய். மூன்று வருஷமாகப் பேசாதவர்கள் புதிதாகப் பேசி என்ன கிழிக்கப்போகிறோம். எழுத்து என்றால் கடைசி வரைக்கும் படித்துத்தானே ஆகவேண்டும்.

குருவிக்குக் குழந்தை தங்கவில்லை. ஏழாவது மாதம். ஜனவரி கடைசியில் குளிர்க்காய்ச்சல் வந்தது. போர்வைமேல் போர்வை போட்டு, அதற்குமேல் நான் படுத்து அழுத்தியும் கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்கினாள். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு ஓடினேன். ரத்தம் எடுத்துப் பார்த்து மலேரியா என்றார்கள். மருந்து கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கியது. அதற்குள் வயிற்றில் அசைவு நின்றுபோயிருந்தது. பெண் குழந்தை. நகம்கூட இருந்தது. உயிர் மட்டும் இல்லை. அதைச் சுற்றிக் கொடுத்த துணி என் சலவைக்கூடத்திலிருந்து போனது. அந்த வாரம் நானே துவைத்து அடுக்கியது.

வலை கட்டவில்லையா என்று கேட்கத்தானே வாயெடுக்கிறாய்? கட்டினேன்டி. ஒரு ராத்திரிகூட விடவில்லை. மெத்தைக்கு அடியில் நாலு பக்கமும் நானே செருகிவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன். பார்சல் வந்த அன்றைக்கு மாப்பிள்ளை லீவில் வீட்டில் இருந்தார். "கொசு இதுல உக்காந்தாலே செத்துடுமாம் அத்தே, சித்தி சொன்னாங்க" என்று அத்தனை சந்தோஷம் அவருக்கு. அவர் மறுபடி கப்பல் வேலைக்குப் போய்விட்டார். கொசு மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது, உன் வலைமேலேயே. தட்டினால் பறந்து போய் மறுபடி வந்து உட்காரும். குருவி கையை வலையில் சாய்த்துத் தூங்குவாள். காலையில் பார்த்தால் கை முழுக்கத் தடிப்பு தடிப்பாக இருக்கும்.

உன் ஆபீசில் காலாவதியான சரக்கை யார் தலையிலாவது கட்டவேண்டும் என்றால் என் மகள்தான் கிடைத்தாளா? அவளைக் குருவி, குருவி என்று கூப்பிட ஆரம்பித்ததே நீதான்.

உன்னைப் படிக்கவைத்த அக்கா


பிப்ரவரி 21

அக்கா,

பார்சலின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் கோபம் தீர்ந்து எனக்கு ஏதோ துணி எடுத்து அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்தேன். பக்கத்து மேஜைக்காரியிடம் "எங்க அக்கா" என்று காட்டிக்கொண்டே பிரித்தேன். குழந்தை தங்கவில்லை என்ற இடம் வந்ததும் எழுந்துபோய்க் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அது நடந்து எவ்வளவு நாள் ஆகிறது! இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. ஒரு போன் செய்ய உனக்கு மனசு வரவில்லை. மாப்பிள்ளைக்கும் என்னிடம் பேசக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டாய்போல. குருவி பிறந்தபோது நர்ஸ் கையிலிருந்து முதலில் வாங்கியது நான். நீ மயக்கத்தில் கிடந்தாய். அதை நினைத்தாவது சொல்லியிருக்கலாம்.

நீ திட்டியதற்கெல்லாம் பதில் எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஒன்றுமட்டும் சொல்கிறேன். கெட்டுப்போன சரக்கை நான் உனக்கு அனுப்பவில்லை. அதே மூட்டையிலிருந்து பிரித்த வலைகளைத்தான் கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தோம். எங்கிருந்தும் புகார் வரவில்லை. ஆனாலும் வலை இங்கே வந்துவிட்டதால் சோதித்துப் பார்க்கப்போகிறேன். அதுதானே என் வேலை. வலையைத் துண்டு துண்டாக வெட்டி, எங்கள் கூண்டில் வளரும் கொசுக்களை அதன்மேல் விட்டுப் பார்ப்போம். செத்தால் மருந்து இருக்கிறது என்று அர்த்தம். பறந்தால் இல்லை.

அதற்கு முன் ஒன்று கேட்கவேண்டும், கோபப்படாதே. நான் அனுப்பியது நீல வலை. நல்ல நீலம். நீ அனுப்பியிருப்பது வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. இது நான் அனுப்பியதுதானா? நீ இருக்கும் இடத்தில் தினமும் மூட்டை மூட்டையாகத் துணி வந்துபோகும். வேறு எதனுடனாவது மாறிவிட்டதா? இல்லை, குருவிக்கு வேறு வலை கட்டினாயா?

குருவி சாப்பிடுகிறாளா? என்னோடு பேசச் சொல், அக்கா.

தங்கை


மார்ச் 3

இப்போது நான் திருடி ஆகிவிட்டேன். அதுவும் நல்லதுதான், வேறு என்ன பட்டம் பாக்கி இருக்கிறது?

மாற்றினேனாம். மருந்து வலையை விற்றுத் தின்றுவிட்டு என் மகளைக் கிழிசல் வலையில் படுக்கவைத்தேனாம். நன்றாகக் கேள், இரண்டு காதையும் திறந்துவைத்துக் கேள். அது நீ அனுப்பிய அதே நீல வலைதான். வெளுத்தது நான். எனக்கு வெளுக்கத் தெரியாதா? ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு நான் தலைமை. ரத்தம், சீழ், வாந்தி என்று எதில் முக்கி எடுத்த துணி வந்தாலும் இரண்டாம் நாள் டாக்டர் தோளில் போட்டுக்கொள்கிற மாதிரி வெளியே போகும். உன் நீலமா எனக்கு நிற்கும்?

உன் பார்சலைப் பிரித்தபோது என்ன வாடை அடித்தது தெரியுமா? கண் எரிந்தது. மாப்பிள்ளை இரண்டு தும்மல் போட்டார். வாயும் வயிறுமாக இருக்கிறவளை அந்த வாடைக்குள் எந்த அம்மா படுக்கவைப்பாள்? எத்தனை பேர் கைபட்ட வலையோ என்றும் இருந்தது. அன்றைக்கே சலவைச் சோடாவில் ஊறவைத்தேன். மறுநாள் சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோய் பெரிய தொட்டியில் கொதிக்கவிட்டு, பிளீச்சிங் பவுடரில் அலசினேன். வாடை போகவில்லை. மறுபடி கொதிக்கவிட்டேன். மூன்றாம் தடவைதான் வாடை போய் சோப்பு மணம் வந்தது. முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம்தான் கட்டிலில் கட்டினேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொட்டி காலியாக இருக்கும் நேரம் பார்த்துக் கொதிக்கவிட்டு, கல்லில் நாலு அடி அடித்து, தகரக்கூரைமேல் உச்சி வெயிலில் விரித்துக் காயப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு நாள். ஓய்வைப் பார்த்தேனா? எனக்குப் பிறக்கப்போகிற பேத்திக்காக இடுப்பு விட்டுப்போகத் துவைத்தேன்.

ஏன் அப்படித் துவைத்தேன் என்று சொல்லவா? உனக்கு மறந்திருக்கும். மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது, நீ பின்பக்கம் போய்த் தண்ணீர் டிரம்முக்குள் டார்ச் அடித்தாய். "அக்கா, இதுல புழு நெளியுது, உங்க வீட்டுலதான் ஊருக்கே கொசு உற்பத்தி" என்று கூடம் வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிச் சிரித்தாய். குருவியின் மாமியார் கையில் வாங்கிய டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது எனக்கு. ஊர் அழுக்கையெல்லாம் துவைக்கிறவள் வீட்டில் புழு! இன்றைக்கும் அந்த அம்மா எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை.

அன்றைக்கே முடிவு செய்தேன். இனிமேல் என் வீட்டில் அழுக்கு என்று எந்த வாயும் சொல்லக்கூடாது. அந்த அம்மா அடுத்த தெருவிலிருந்து மருமகளைப் பார்க்க வரும்போதெல்லாம் முதலில் பார்ப்பது கட்டிலைத்தான். வலையில் ஒரு பொட்டு அழுக்கு இருந்திருந்தால் பேசியிருப்பாள். பேச இடம் கொடுக்கவில்லை நான்.

போய்ச் சோதனை செய். உன் கொசுக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டி வளர்க்கிறாயாமே, மாப்பிள்ளை சொன்னார். அவற்றையே கேள்.

அக்கா


மார்ச் 16

அக்கா,

சோதனை முடிந்துவிட்டது.

என்ன நடந்தது என்று அப்படியே சொல்கிறேன். உன் வலைத் துண்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் புனலைக் கவிழ்த்து, அதற்குள் கொசுக்களை விட்டேன். அதே மூட்டையிலிருந்து பிரிக்காமல் வைத்திருந்த இன்னொரு வலையை எடுத்து அதற்கும் அப்படியே செய்தேன். மூன்று நிமிஷம்தான் வலையில் விடுவோம், பிறகு எடுத்துத் தனியாக வைப்போம். புது வலையில் உட்கார்ந்தவை ஒரு மணி நேரத்தில் மல்லாந்து கிடந்தன. உன் வலையில் உட்கார்ந்தவை ஒன்றுகூட விழவில்லை. மறுநாள் காலையிலும் எல்லாம் உயிரோடு இருந்தன. வேறு மூலையில் வெட்டி இன்னொரு தடவை பார்த்தேன். அதே கதைதான். என் மேலதிகாரி "சாதாரண வலையைக் குடுத்து ஏமாத்துறீங்களா?" என்று கேட்டார்.

கண் எரிந்தது, வாடை அடித்தது என்று எழுதியிருந்தாய் அல்லவா? அந்த வாடையோடு இருந்ததுதான் மருந்து, அக்கா.

இந்த வலைகளைப் பிரித்ததும் ஒரு நாள் நிழலில் காற்றாட விட்டால் போதும், வாடை அடங்கிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பச்சைத் தண்ணீரில், குளிக்கிற சோப்பு போட்டு மெதுவாக அலசவேண்டும். நிழலில் காயவைக்கவேண்டும். அப்படி அலசினால் நூலுக்குள் இருக்கிற மருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து இழந்ததை நிரப்பும். வருஷக்கணக்கில் தாங்கும். சோடா கூடாது, பிளீச்சிங் பவுடர் கூடாது, கொதிக்கவைக்கவே கூடாது, கல்லில் அடிக்கக் கூடாது, வெயில் கூடாது. எதையெல்லாம் செய்யக்கூடாதோ அத்தனையையும் நீ வாராவாரம் செய்திருக்கிறாய். அந்த வலை குருவிக்குமேலே ஏறியபோதே அதில் பாதி மருந்து இல்லை. அப்புறம் வெறும் துணிதான்.

வலையின் ஓரத்தில் ஒரு சீட்டு தைத்திருக்குமே, படம் போட்டு. அதைக்கூடவா நீ பார்க்கவில்லை?

உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. நீ கேட்டாய், சொல்கிறேன். ஆனால் காலாவதிச் சரக்கு என்று என்னைச் சொன்னாயே, அதை நான் எப்படி மறப்பது?

தங்கை


ஏப்ரல் 9

உன் கடிதம் வந்தது. சலவைக்கூடத்தில் நின்றுகொண்டே படித்தேன். அதற்கப்புறம் தொட்டியில் கையை விட்டவள் அது சுடுகிறது என்பதையே மறந்துபோனேன். கையில் கட்டுப்போட்டிருக்கிறது, அதனால்தான் எழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறது.

சீட்டைப் பிரித்தது நான்தான். எங்கள் இடத்தில் எந்தத் துணி வந்தாலும் தைத்திருக்கிற சீட்டைப் பிரித்துவிடுவோம், சீட்டிலிருந்து சாயம் இறங்கி மற்றத் துணியைக் கெடுக்கும். பழகிப்போன கை, பிளேடை எடுத்து நறுக்கென்று பிரித்துவிட்டது. ஏதோ பக்கெட் படம் போட்டிருந்தது. எனக்குப் பக்கெட்டைப் பற்றி யார் சொல்லித்தர என்று தூக்கிப்போட்டேன்.

நீ எழுதியது எல்லாம் சரி. நன்றாக எழுதுகிறாய். ஒரு டீச்சர் மாதிரி ஒன்றுவிடாமல் எழுதுகிறாய். இதை நீ எத்தனை ஊரில், எத்தனை பெண்களைக் கூட்டிவைத்துச் சொல்லியிருப்பாய்! முன்பின் தெரியாத பொம்பளைகளுக்கெல்லாம் பக்கெட்டை வைத்து அலசிக் காட்டியிருப்பாய். என் பார்சலுக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருந்ததா? "அக்கா, இதைக் கொதிக்க வைக்காதே." நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தைக்கு உனக்குக் கை வரவில்லை.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியாதா? என் கையில் ஒரு துணி வந்தால் அது என்ன பாடுபடும் என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியும்? என்னோடு அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதானே நீ பரீட்சைக்குப் படித்தாய்.

குருவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.


ஏப்ரல் 20

அக்கா,

கையைத் தண்ணீரில் நனைக்காதே. அதையாவது கேள்.

ஆமாம், காகிதம் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை? அந்த டிரம் விஷயத்துக்கப்புறம் என்னை வாசல்வரைக்கும் கொண்டுவந்து விட்டு என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "இனிமே என் வீட்டு விஷயத்துல ஒரு வார்த்தை புத்தி சொல்லாதே. சொன்னா எனக்குத் தங்கச்சியே இல்லைன்னு தலைமுழுகிடுவேன்." பார்சல் கட்டும்போது பேனாவைக் கையில் எடுத்தேன். நீ சொன்னது காதில் கேட்டது. சரி, புத்தி சொல்லக்கூடாது என்றாயே, சொல்லவில்லை, போ என்று மூடி வைத்தேன். உன் பேச்சைக் கேட்டு நடந்துவிட்டதுபோலக் கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது. சீட்டுத்தான் தைத்திருக்கிறதே, பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

நீ வாயை மூடச் சொன்னாய், மூடினேன். இப்போது ஏன் திறக்கவில்லை என்கிறாய். உனக்கு எப்படித்தான் இருப்பது நான்?

டிரம்மைப் பற்றிச் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. சொன்ன இடம் தப்பு. சிரித்தது தப்பு.

இன்னொரு நீல வலை அனுப்பியிருக்கிறேன். ஒரு நாள் காற்றாட விட்டுத்தான் மடித்தேன். குருவிக்குக் கட்டு. அழுக்கானால் ஆகட்டும். உன் கையைக் கட்டிப்போட்டுக்கொண்டாவது அதைச் சும்மா விடு.

தங்கை


ஆகஸ்ட் 14

தங்கச்சிக்கு,

நாலு மாதம் பதில் போடவில்லை. போட என்ன இருக்கிறது? இப்போது ஒரு காரியமாக எழுதுகிறேன்.

குருவிக்கு மறுபடி நாள் தள்ளிப்போயிருக்கிறது. மூன்று மாதம். மாப்பிள்ளை மே மாதம் வந்துவிட்டுப் போனார். இந்தத் தடவை கவனமாக இருக்கவேண்டும், மனசில் எந்தக் கவலையும் ஏறக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

உன் இரண்டாவது வலை கட்டிலில்தான் தொங்குகிறது. நான் தொடவில்லை. தூசி ஏறிப்போய் ஒரு மாதிரி இருக்கிறது. சம்பந்தியம்மா பார்த்துவிட்டு, "வீட்டுத் துணியைத் துவைக்க நேரமில்லைபோல" என்று உதட்டைச் சுழித்தாள். வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். குருவி என்னைப் பார்த்தாள். "ஏம்மா இதை மட்டும் துவைக்கல? முன்னாடி வாராவாரம் துவைப்பியே" என்றாள். கை சரியில்லை என்றேன். இன்னொரு நாள் கேட்டாள். நேரமில்லை என்றேன். எத்தனை நாளைக்கு இப்படிச் சொல்லமுடியும்?

அவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று உன்னிடம்தான் சொல்லமுடியும். முதல் குழந்தை தன்னால்தான் போனது என்று நினைக்கிறாள். சாயங்காலம் பின்பக்கப் படியில் உட்கார்ந்து மாப்பிள்ளையோடு போன் பேசுவாள், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். சம்பந்தியம்மா எல்லோர் எதிரிலும், "வெளியில உக்காந்து மணிக்கணக்கா போன் பேசினா கொசு கடிக்காம கொஞ்சுமா?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் படிக்கே போவதில்லை. வெயில் சாய்ந்ததும் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு வலைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறாள். புருஷனோடு பேசுவதே நின்றுபோனது. "நான்தாம்மா கொன்னுட்டேன்" என்றாள் ஒருநாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். தடவிக்கொண்டே இருந்தேன், வாய் திறக்கவில்லை.

என்னைக் காறித் துப்பு. ஆனால் சொல்லாதே. இந்தக் குழந்தை பிறக்கட்டும், அப்புறம் நானே சொல்கிறேன். அதுவுமில்லாமல், கடித்தது படியிலா, கட்டிலிலா என்று உன் கொசு வந்து சாட்சி சொல்லுமா? படியிலும் கடித்திருக்கலாம் அல்லவா?

உனக்குப் பிள்ளை இருந்தால் இந்தப் பயம் புரியும்.

அக்கா


ஆகஸ்ட் 27

அக்கா,

கடைசி வரியை நீ தெரிந்துதான் எழுதினாய். படித்தேன். போகட்டும்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். படியில் கடித்ததா, கட்டிலில் கடித்ததா என்று எந்தக் கொசுவும் சொல்லாது, நானும் சொல்லமுடியாது. மலேரியாக் கொசு பெரும்பாலும் ஊர் அடங்கிய பிறகுதான் கடிக்கும், ஆனால் சாயங்காலமும் கடிக்கும். நீ துவைக்காமல் விட்டிருந்தாலும் காய்ச்சல் வந்திருக்கலாம். ஆனால் உன் மகள் மாதக்கணக்கில் வெறும் துணிக்கு அடியில் படுத்திருந்தாள். அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. சந்தேகம் என்றால் அதை மூன்று பேரும் சேர்ந்து சுமக்கலாமே. அவள் தலையில் மொத்தமாக இறக்கிவைத்துவிட்டு நீ தலையைத் தடவிக்கொடுக்கிறாயாக்கும்?

மனசில் கவலை ஏறக்கூடாது என்கிறாய். "நான்தான் கொன்னேன்" என்று நினைத்துக்கொண்டு இன்னொரு குழந்தையைச் சுமக்கிறாளே, அது என்ன கவலையில் சேர்த்தி இல்லையா?

நீ பயப்படுவது குழந்தைக்காக இல்லை. அவள் உன்னை எப்படிப் பார்ப்பாள் என்றுதான். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. சொல்லும்போது என்னையும் சேர்த்துச் சொல். காகிதம் வைக்காததைச் சொல், ஏன் வைக்கவில்லை என்பதையும் சொல். ஒன்றும் மறைக்காதே.

அக்டோபர் கடைசியில் எனக்கு லீவு கிடைக்கும். வருகிறேன். அதற்குள் நீ சொல்லியிருக்கவேண்டும். இல்லையென்றால் உன் கூடத்தில் உட்கார்ந்து நானே சொல்வேன், இந்தத் தடவை சிரிக்காமல்.

தங்கை


நவம்பர் 2

தங்கச்சிக்கு,

உன்னை வராதே என்று தந்தி மாதிரி இரண்டே வார்த்தையில் போனில் செய்தி அனுப்பியதற்குக் காரணம் இதுதான். சொல்லிவிட்டேன்.

நானாகச் சொல்லவில்லை. அவள் கேட்டாள். மழை பிடித்துக்கொண்டதால் கொசு ஏகமாக வந்திருந்தது. காலையில் கட்டிலைச் சுற்றிப் பெருக்கினேன். துடைப்பத்தில் செத்த கொசுக்கள் குவியலாக வந்தன. குருவி வலைக்குள்ளிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போன தடவை ஒரு கொசுகூட இப்படிச் சாகலையேம்மா. அதுவும் சித்தி அனுப்பினதுதானே?" என்று கேட்டாள். துடைப்பத்தை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். வாடையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கொதிக்கவைத்தது, பிளேடால் சீட்டைப் பிரித்தது, உன் சோதனை, உன் கடிதம், டிரம், நான் உன் வாயைக் கட்டியது, நீ காகிதம் வைக்காதது எல்லாவற்றையும் சொன்னேன். படியும் காரணமாக இருக்கலாம் என்று மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் கூசியது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று நினைத்தேன். வலையை விலக்கிக்கொண்டு வெளியே வரக்கூட இல்லை. உள்ளே இருந்தபடியே, "சித்திக்கு எப்போ தெரியும்?" என்றாள். மார்ச்சிலேயே என்றேன். "உனக்கு?" என்றாள். ஏப்ரலில் என்றேன். விரலை மடக்கி ஏதோ எண்ணினாள்.

அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உனக்கும் போய்ச் சேரவேண்டியது அது. "ஒருத்திக்கு வலையைப் பத்தி எல்லாம் தெரியும். இன்னொருத்திக்குத் துவைக்கறதைப் பத்தி எல்லாம் தெரியும். ரெண்டு பேரும் உங்க ரோஷத்துல பேசிக்கல. நடுவுல நான் படுத்திருந்தேன், என் பொண்ணை வயித்துல வெச்சுக்கிட்டு."

அன்றைக்குச் சாயங்காலம் பின்பக்கப் படியில் போய் உட்கார்ந்து மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள். எத்தனையோ மாதத்துக்கப்புறம். கையையும் காலையும் நன்றாக மூடிக்கொண்டு, இருட்டுவதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டாள். சம்பந்தியம்மா அப்போது வந்தாள். "மறுபடியும் படியா?" என்று ஆரம்பித்தாள். "என் பொண்ணு படியால போகல அத்தே, எங்க அம்மா கிட்ட கேளுங்க" என்றாள் குருவி. நான் சொன்னேன். அந்த அம்மாளிடமும் சொன்னேன். வலையை ஒருமுறை பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், போய்விட்டாள். இவ்வளவு வருஷமாக அவள் வாயிலிருந்து எதுவும் வந்துவிடக்கூடாது என்று துவைத்தேனே!

நீ வரவேண்டாம் என்று சொன்னது குருவிதான். "பிறந்தா அவர் சித்திக்குப் போன்ல சொல்லுவார், அது போதும்" என்றாள். நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நீ அழுவாய் என்று தெரியும். அழு. நான் என்ன செய்யமுடியும்?

ஆறாவது மாதம். குழந்தை நன்றாக அசைகிறது என்று டாக்டரம்மா சொன்னார். வலை நன்றாக வேலை செய்கிறது. தூசி படிந்து பார்க்கவே கண்றாவியாக இருந்தது. போன வாரம் குருவியே கழற்றி, பச்சைத் தண்ணீரில் குளிக்கிற சோப்பு போட்டு அலசி, நிழலில் கட்டினாள். நான் பக்கத்தில் போனேன். "நீ தொடாதே" என்றாள்.

சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கிறாள். கையில் மருந்து போட்டுக்கொள்ளச் சொல்கிறாள். சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது அவள் துணியை என்னிடம் தருவதில்லை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் குனிந்து அவளே துவைக்கிறாள். நான் பின்னால் போய் நிற்கிறேன். "குடுடி, நான் பண்றேன்" என்றால், "வேணாம்மா" என்கிறாள். கோபமாகக்கூடச் சொல்வதில்லை.

நேற்று பிரசவ வார்டிலிருந்து ஒரு மூட்டை வந்தது. எல்லாம் குழந்தைத் துணிகள். நாள் முழுக்க நின்று துவைத்தேன். வீட்டுக்கு வந்தால், மாப்பிள்ளை அனுப்பிய பணத்தில் அவள் வாங்கிவைத்த சின்னச் சின்னச் சட்டைகள் பெட்டியில் புதுசு கலையாமல் இருக்கின்றன. குழந்தைக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை துவைத்தாகவேண்டும். அதை யார் துவைப்பது என்று அவளிடம் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா